ஊதிக் காட்டு

ஒரு குடும்பம் மொத்தமாகச் சேர்ந்து ஒருத்தனைத் திருத்தக் கிளம்பிவிட்டால் அவன் தப்பிப்பது கஷ்டம். குடியாவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆளைக் கொல்லும். சொந்தபந்தத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அனுமந்தன்பட்டி சுருளிராஜன் ஜீப் டிரைவராக இருந்தவன். விடியுமுன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பான். அந்த வளைவுகளில் அவனைப் போல வண்டி ஓட்ட ஆளில்லை என்று பேர் எடுத்தான். அப்புறம் குடிகாரன் என்று பேர் எடுத்தான். ஊர் இரண்டாவது பேரை மட்டும் வைத்துக்கொண்டது.

குடி என்றால் சாதாரணக் குடி இல்லை. தங்கை ஜோதிலட்சுமியின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்கிற முறையில் இவன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை ஏற்றுகிற நேரம் பார்த்து மாமன் தூங்கி விழுந்தான். பிள்ளை சரிந்தது, ஊசி இழுத்தது, காது கிழிந்தது. தையல் போட்டும் அந்தக் காது இன்றைக்குவரை கோணல்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனைக் கூப்பிடுவதே கோணக்காதன் என்றுதான். ஆகவே குடும்பத்துக்குக் கோபம் இருந்ததில் தப்பே இல்லை. அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டு அவர்கள் வளர்த்த விதம்தான் சகிக்கவில்லை.

கார்த்திகை மாதம் அவனைத் தேனிக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கவுன்சலிங் கொடுப்பவர் ராயப்பன்பட்டிக்காரர், ரீட்டா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தையும் வரச் சொல்லி, வட்டமாக நாற்காலி போட்டுப் பேசுவார். சுருளிராஜனின் அம்மா மொக்கம்மாள், மனைவி மாரீஸ்வரி, தங்கை ஜோதிலட்சுமி, தங்கை புருஷன் வினோத்ராஜ் நான்கு பேரும் தவறாமல் போனார்கள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பூ வைத்துக்கொண்டு போனார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

"அவரு குடியை விடுறது பாதி வேலைதேன். மீதிப் பாதி உங்க கையில இருக்கு," என்றார் ரீட்டா.

"நாங்க என்னம்மா செய்யணும்? கயித்தைப் போட்டுக் கட்டி வைக்கணுமா?" என்று கேட்டாள் மொக்கம்மாள்.

"கட்ட வேணாம். கூட நில்லுங்க. சந்தேகப்பட்டு மோந்து பாக்காதீக. நம்புனாத்தேன் மனுசன் நம்பிக்கையைக் காப்பாத்துவான்."

நான்கு பேரும் தலையாட்டினார்கள். ரீட்டா சுருளிராஜன் பக்கம் திரும்பி, வெளியே போனதும் எதற்காகக் குடிக்காமல் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைக்காக என்று சொல்லித் தப்பித்துவிடுகிற கேள்வி அது. சுருளிராஜனுக்குப் பிள்ளை இல்லை. அவன், "தங்கச்சிக்கு ரெண்டாவது பொம்பளப் பிள்ளை இருக்கு. அது என் மடியில உக்காந்து காது குத்தணும் மேடம். அசையாம உக்காந்து காட்டணும்," என்றான்.

ஜோதிலட்சுமி அழுதுவிட்டாள். வினோத்ராஜ் எழுந்துவந்து மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க குடிக்காம மட்டும் இருங்க மச்சான். பாப்பா உங்க மடியிலதேன் உக்காரும். மேடத்தை வச்சுக்கிட்டுச் சொல்றேன்," என்றான். சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், வாக்குக் கொடுப்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்டபாடு.

மாசியில் சுருளிராஜன் வெளியே வந்தான். ரீட்டா சொன்ன அத்தனையிலும் 'கூட நில்லுங்க' என்பதை மட்டும் குடும்பம் அப்படியே எடுத்துக்கொண்டது. கூட நின்றார்கள். அவன் குளிக்கப் போனால் மொக்கம்மாள் கதவோரம் நின்றாள். "என்னடா, தண்ணி ஊத்துற சத்தத்தையே காணோம்?" என்பாள். கொல்லைக்குப் போனால் பின்னாலேயே போனாள். வெளியே போய்த் திரும்பினால் வாசலிலேயே மறித்து, "ஏலே, ஊது," என்பாள். அவன் வாயைத் திறந்து ஊதுவான். அவள் மூக்கை வைத்து இழுப்பாள். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லையே என்று அவள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும்.

அம்மா ஆரம்பித்ததை ஊர் பிடித்துக்கொண்டது. டீக்கடை அம்மாவாசி, "ஊதிட்டு டீயக் குடிய்யா," என்பான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். அவனிடம் ஜீப் கொடுக்க யாரும் தயாராக இல்லை, அவன் ஓட்டுகிற வண்டியில் ஏறப் பெண்களும் தயாராக இல்லை. திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டவும் மருந்தடிக்கவும் கூலிக்குப் போனான். அங்கேயும் காலையில் வேலை தொடங்குமுன் மேஸ்திரி முன்னால் ஊதினான். ஊதி ஊதி அவன் முகமே, வாயைத் திறக்கத் தயாராக இருக்கிற முகமாக மாறிப் போனது.

வினோத்ராஜ் ஒருபடி மேலே போனான். ஆன்லைனில் ஊதுகிற மிஷின் ஒன்றை வரவழைத்தான், ரோட்டில் போலீஸ்காரர்கள் வைத்திருப்பது மாதிரி. குடித்திருந்தால் சிவப்பு லைட் எரிந்து கத்தும். குடிக்காவிட்டால் பச்சையில் சைபர் காட்டும். அனுமந்தன்பட்டிக்கு வரும்போதெல்லாம் பாப்பாவை ஒரு கையிலும் மிஷினை ஒரு கையிலும் கொண்டுவருவான். பாப்பாவுக்கும் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது மாமனைப் பார்த்ததும் "மாமா, ஊது," என்று சொல்லும். அவன் ஊதுவான். அது மூக்கைச் சுளித்து, "ச்சீ, நாத்தம்," என்னும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சுருளிராஜனும் சிரிப்பான். அந்தப் பிஞ்சு முகத்துக்கு மட்டும் அவன் சந்தோஷமாகத்தான் ஊதினான்.

மாரீஸ்வரி மட்டும் ஒருநாளும் அவனை ஊதச் சொன்னதில்லை. "நீ ஒருத்திதேன் கேக்க மாட்டேங்குற," என்று ஒருநாள் சொன்னான். "கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு," என்றாள் அவள். அவன் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டான். உண்மையில் அது சலிப்புதான். கல்யாணமான காலத்திலிருந்து அவனுக்காக எத்தனையோ பேரிடம் போய், "இன்னமே குடிக்க மாட்டாரு," என்று ஜாமீன் சொல்லி, அடுத்த வாரமே தலைகுனிந்து நின்றவள் அவள்.

வைகாசியில் நாள் குறித்தார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்தபிறகு, வீரபாண்டி கோயிலில் மொட்டை, பக்கத்து மண்டபத்தில் காதுகுத்து, கறிச்சோறு. சுருளிராஜன் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். சாயங்காலங்களில் பாப்பா எடைக்கு அரிசியைச் சின்ன மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவான். தொடை மரத்துப் போகிறவரை அசைய மாட்டான். "அரிசி அழுவுதாங்க?" என்று மாரீஸ்வரி கேலி செய்வாள். "இல்ல, சமத்தா இருக்கு," என்பான். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த அரிசி மூட்டையால்தான்.

அன்றைக்குக் காலையில் பட்டுப்பாவாடை, தோடு, பழம், வெற்றிலை என்று சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்குப் போனான். புது வேட்டி. வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் சித்தப்பா மகன் விஜய்பாண்டி கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றான். சுருளிராஜன் படம் கீழே ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைசில் இருந்தது. படம் சின்னதாக இருந்தால் என்ன, பேருக்குக் கீழே தாய்மாமன் என்று போட்டிருக்கிறதே என்று அவனுக்குச் சந்தோஷம். மாரீஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மொட்டை முடிந்து சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். மைக்கில் தாய்மாமனை மணைக்கு வரச் சொன்னார்கள். சுருளிராஜன் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். கை நடுங்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

நீட்டிய கையில் பாப்பா வரவில்லை. மிஷின் வந்தது.

"ஒரு ஃபார்மாலிட்டிதேன் மச்சான். எல்லாரும் பாக்குறாகல்ல," என்றான் வினோத்ராஜ்.

மண்டபமே எட்டிப் பார்த்தது. வீடியோ எடுப்பவன் கேமராவை இங்கே திருப்பினான். சுருளிராஜன் ஒரு நிமிடம் தங்கையைப் பார்த்தான், அவள் பாப்பாவின் சந்தனத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் ஊதினான். பச்சை. சைபர்.

ஒரு ஆளைக் குற்றவாளியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவன் குற்றமில்லாமல் நிற்பது ஜீரணமாகாது. வினோத்ராஜ் மிஷினைத் தட்டிப் பார்த்தான். "பேட்டரி வீக்கா இருக்குமோ?" என்றான்.

மொக்கம்மாள் முன்னால் வந்தாள். "வாடையே வராத சரக்கு இப்ப வருதாம்ல. டிவியில சொன்னாக. மிஷின்லகூடக் காட்டாதாம்."

"ஆத்தா, நான் குடிக்கல. உன் கண்ணு முன்னாடிதேன காலையில இருந்து இருக்கேன்."

"குடிகாரன் என்னைக்குடா குடிச்சேன்னு சொல்லிருக்கான்? அன்னைக்கும் இப்படித்தேன சத்தியம் பண்ணிட்டுப் பிள்ளை காதைக் கிழிச்ச."

அவன் கூட்டத்தில் மாரீஸ்வரியைத் தேடினான். கண்டுபிடித்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். "நீ சொல்லு மாரி. ராத்திரியிலருந்து நீதேன கூட இருந்த."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மாரீஸ்வரிக்குத் தெரியும், அவன் குடிக்கவில்லை. ஆனால் இத்தனை காலம் அவனுக்காகச் சொல்லிச் சொல்லிப் பட்ட அவமானம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஒருவேளை குளிக்கப் போனபோது, ஒருவேளை சீர்த்தட்டு வாங்கப் போனபோது என்று அந்த வாடை வராத சரக்கு அவள் மனதுக்குள்ளும் புகுந்துவிட்டது.

"நான் எந்நேரமும் கூடயேவா இருந்தேன்? எனக்குத் தெரியாது," என்றாள்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குப் பின்பக்கமிருந்து விஜய்பாண்டி வந்தான். அவன் வேன்தான் சொந்தக்காரர்களை ஏற்றி வந்திருந்தது. வேனை நிறுத்தியதிலிருந்து அவனும் நாலைந்து பேரும் அதன் மறைவில்தான் இருந்தார்கள். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். "என்னய்யா பஞ்சாயத்து? மிஷின் ரிப்பேரா? இங்கன குடுங்க பாப்போம்," என்று பிடுங்கி ஊதினான். மிஷின் சிவப்பாக எரிந்து, மண்டபம் அதிரக் கத்தியது.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "மிஷின் நல்லாத்தேன்யா இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். வினோத்ராஜும் சிரித்தான். மொக்கம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மிஷின் நன்றாக இருக்கிறது என்றால் சுருளிராஜன் குடிக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் இதை யோசித்தவள் ஜோதிலட்சுமி ஒருத்திதான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்ற மூத்தவனின் கோணல் காதைப் பார்த்தாள்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே," என்றாள். "கோவிச்சுக்காத. கொஞ்சம் எந்திரிச்சுக்க."

"விஜய்பாண்டியும் மாமன் முறைதேன," என்றான் வினோத்ராஜ்.

"அவன் நிக்கவே முடியாம நிக்கிறான் மாப்ள."

"அவன் விசேசத்துக்குக் குடிக்கிறவன் மச்சான். குடிகாரன் இல்லைல்ல?"

சுருளிராஜன் எழுந்தான். விஜய்பாண்டி உட்கார்ந்தான், உட்காரும்போதே சாய்ந்தான். ஆசாரி தயங்கினார். மாமன் விழுந்துவிடாமல் இருக்க இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பாப்பா புது மடியில் நெளிந்தது. கூட்டத்துக்கு நடுவில் மாமனைக் கண்டுபிடித்துக் கையை நீட்டி, "மாமா, ஊது," என்றது. அதற்கும் சிரித்தார்கள். காது நன்றாகவே குத்தியாயிற்று, ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகம் வரவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்று மொக்கம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

சுருளிராஜன் வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றான். வேன் படியில் பாதி பாட்டில் ஒன்று திறந்தபடி இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு ரீட்டாவுக்குப் போன் போட்டான்.

"என்ன சுருளி, காதுகுத்து முடிஞ்சதா? பாப்பா மடியில உக்காந்தாளா?"

"உக்காந்தா மேடம்."

"அழுதாளா?"

"கொஞ்சமா அழுதா. நான் அசையவே இல்ல மேடம்."

"கேக்கவே சந்தோசமா இருக்கு. குடும்பம் கூட நின்னா எதையும் ஜெயிக்கலாம்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னீக மேடம்," என்று போனை வைத்தான். பாப்பா மடியில் உட்கார்ந்தாள் என்றதுதான் குடியை விட்ட பிறகு அவன் சொன்ன முதல் பொய். பாட்டிலை மூடி, உருளாமல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்றினான். இதையும் சொல்லத்தான் வேண்டும், அன்று மத்தியானம்வரை அவன் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான்.

சாயங்காலம் கிளம்பும்போதுதான் சங்கடம் வந்தது. விஜய்பாண்டி வேனுக்கு அடியில் படுத்திருந்தான், அவனை இழுத்துக் கடைசி சீட்டில் போட்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த மற்ற ஆம்பளைகளும் ஓட்டுகிற நிலையில் இல்லை. வினோத்ராஜ் வாயிலும் வாடை வந்தது. பெண்களும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தார்கள்.

"மச்சான், நீங்க எடுங்களேன். நீங்கதேன் குடிக்கலைல்ல," என்றான் வினோத்ராஜ், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியில் ஒரு பிள்ளையைக் கொடுக்க மறுத்தவர்கள், அந்தப் பிள்ளையோடு சேர்த்து மொத்தப் பேருடைய உயிரையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். சுருளிராஜன் சாவியை வாங்கினான். மாரீஸ்வரி முன் சீட்டில் ஏறினாள், அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவன் கைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. பள்ளத்தில் இறக்காமல், யாரையும் உலுக்காமல், பூப்போல ஓட்டிக்கொண்டு போனான். அந்தக் கொஞ்சநேரம் அவன் எல்லாவற்றையும் மன்னித்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

இருட்டுகிற நேரம், சின்னமனூருக்கு முன்னால் போலீஸ் வண்டியை ஓரம் கட்டியது. கதவு வழியாக உள்ளே டார்ச் அடித்த போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மிஷினை நீட்டினார். சுருளிராஜன் ஊதினான்.

"உள்ள அம்புட்டும் நாறுது, டிரைவர் மட்டும் சுத்தமா இருக்காரு. இப்படித்தேன்யா இருக்கணும். போங்க," என்றார் போலீஸ்காரர்.

மாதக்கணக்காக ஊதியதில் அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. சுருளிராஜன் வண்டியை எடுக்காமல் பின்னால் திரும்பி, "கேட்டீகளா?" என்றான்.

மொக்கம்மாள் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சார், இன்னொருக்க நல்லா ஊதச் சொல்லுங்க. வாடை வராததைக் குடிப்பான் சார் இவன். பெத்தவ சொல்றேன்."

போலீஸ்காரர் ஒரு நிமிடம் தாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்றவளே சொல்கிறாளே என்று நினைத்திருப்பார். மிஷினைத் திரும்பவும் நீட்டினார். சுருளிராஜன் மாரீஸ்வரியைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பவும் ஊதினான். பின் சீட்டிலிருந்து, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பாப்பா கையைத் தட்டி, "ச்சீ, நாத்தம்!" என்றது. வேனே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

அவன் வண்டியை எடுத்தான். சின்னமனூரில் தங்கை குடும்பத்தை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான். அனுமந்தன்பட்டியில் ஒவ்வொருவரையும் அவரவர் தெருவில் இறக்கினான். கடைசியாக விஜய்பாண்டி வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருந்தவனின் சட்டைப்பையில் சாவியைப் போட்டான். பிறகு நேராகக் கடைக்கு நடந்தான். இந்தத் தடவை அவனுக்குப் பின்னால் கூட நிற்க யாரும் வரவில்லை. எல்லாருக்கும் அலுப்பு.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மாரீஸ்வரி அவன் நடையைப் பார்த்தாள், உள்ளே ஓடிப்போய் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மொக்கம்மாள் அழவில்லை. மாசியிலிருந்து அவள் மனதில் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தாள். மண்டபத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த கறிக்குழம்பைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றினாள். "சாப்பிடுய்யா," என்றாள். அய்யா என்று அவள் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவன் சாப்பிட்டான். அன்றைக்கு அவனை யாரும் ஊதச் சொல்லவில்லை.